ஜெர்மனியில் நல்ல கார், அமெரிக்காவில் ஆகாத கார்

பென்ஸ் என்றாலே பத்திரமான கார் என்று நமக்கெல்லாம் ஓர் எண்ணம் உண்டு. ஆனால் ஜெர்மனியில் ஓடிய பென்ஸை அப்படியே கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால், அங்கே சாலையில் இறக்க விடமாட்டார்கள். காரணம் கேட்டால் 'பாதுகாப்பு' என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி டாலர் கணக்கு. வங்கியில் காலம் தள்ளியவனுக்கு அந்தப் பாதிதான் முதலில் கண்ணில் படுகிறது, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதிகள் 1968-ல் நடைமுறைக்கு வந்தன. புகை விதிகள் 1970-க்குப் பிறகு இறுகின. ஐரோப்பாவிலும் விதிகள் இருந்தன. ஆனால் அவை வேறு மாதிரி. அதனால் வெளிநாட்டுக் கார் வந்து இறங்கியதும் ஒரு பெரிய ஆபரேஷனே நடக்கும். முகப்பு விளக்கைக் கழற்றி அமெரிக்க விளக்கு மாட்ட வேண்டும். பக்கவாட்டில் சிறு விளக்குகள் வைக்க வேண்டும். பம்பரைப் பலப்படுத்த வேண்டும். புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பொருத்த வேண்டும். கதவைப் பிரித்து உள்ளே இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். புத்தம்புதுக் காரில் இத்தனையும்! வேலை முடியும்வரை கஸ்டம்ஸில் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நம் பேங்க் கேரண்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தொல்லையை ஏன் பட்டார்கள்? 1980-ல் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 1.80 மார்க் கிடைத்தது. 1985 பிப்ரவரியில் 3.40 மார்க்குக்கு மேல். ஒரு பேச்சுக்கு, ஜெர்மனியில் 90,000 மார்க் விலையுள்ள காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1980 கணக்கில் அது 50,000 டாலர். 1985 கணக்கில் சுமார் 26,500 டாலர். அமெரிக்க ஷோரூம் விலையோ அப்படி இறங்கவில்லை. போதாக்குறைக்கு, 500 எஸ்.இ.எல். என்ற பெரிய எஞ்சின் பென்ஸை 1980-களின் தொடக்கத்தில் கம்பெனி அங்கே விற்கவே இல்லை. வசதி உள்ளவன் சும்மா இருப்பானா? 1985-ல் மட்டும் 60,000-க்கும் மேற்பட்ட கார்கள் இப்படிப் பின்வாசல் வழியாக வந்தன. 'கிரே மார்க்கெட்' என்று பெயர். சட்டவிரோதம் அல்ல, கம்பெனியைச் சுற்றிக்கொண்டு போன வழி, அவ்வளவுதான். மாற்றும் வேலையைச் சில பட்டறைகள் ஒழுங்காகச் செய்தன, சில காகிதத்தில் மட்டும் செய்தன.

வியாபாரம் கைநழுவியதைப் பார்த்த பென்ஸ் நிறுவனமும் டீலர்களும் வாஷிங்டனில் முழு மூச்சாக முயன்றார்கள். 1988 அக்டோபரில் புதுச் சட்டம் வந்தது; 1990 ஜனவரி இறுதியில் அமலானது. பதிவு பெற்ற இறக்குமதியாளர் வழியாகத்தான் வர வேண்டும். அந்த மாடலை அமெரிக்க விதிக்கு மாற்ற முடியும் என்று அரசு முதலில் ஏற்க வேண்டும். பத்திரத் தொகை, தீர்வைக்குரிய மதிப்பில் ஒன்றரை மடங்கு.

வேடிக்கை என்னவென்றால், 1985 செப்டம்பரில் ஐந்து நாடுகள் நியூயார்க்கில் கூடிப் பேசியபின் டாலர் சரிந்து, 1987 முடிவில் 1.60 மார்க் அளவுக்கு வந்துவிட்டது. சட்டம் வரும் முன்பே இந்த வியாபாரத்தில் லாபம் வற்றிவிட்டது. காய்ச்சல் இறங்கிய பிறகு கொடுத்த மருந்து, இன்றுவரை நிறுத்தவில்லை.

அதே சட்டத்தில் 25 ஆண்டு பழைய காருக்குப் பாதுகாப்பு விதியிலிருந்து விலக்கும் இருக்கிறது. ஏர்பேக் இல்லாத கிழட்டுக் கார் தாராளமாக வரலாம், போன வருடத்து ஐரோப்பிய மாடல் வரக் கூடாது. இதைப் பாதுகாப்பு என்று சொன்னால் எனக்கு ஒப்பவில்லை. வயதைத் தயாரித்த மாதத்திலிருந்து எண்ணுகிறார்கள். 1999 ஜனவரியில் தயாரான நிஸான் ஸ்கைலைன் ஆர்-34, 2024 ஜனவரியில்தான் தகுதி பெற்றது. பக்கத்து நாடான கனடாவில் 15 ஆண்டே போதும்.

பணம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. பில் கேட்ஸ் வாங்கிய போர்ஷே 959, அமெரிக்க விதிப்படி மோதல் சோதனை செய்யப்படாததால் ஆண்டுக்கணக்கில் கஸ்டம்ஸில் கிடந்தது. பிறகு 1999-ல் அரிய கார்களுக்கென்று தனி விதி பிறந்தது: ஆண்டுக்கு 2,500 மைல்தான் ஓட்டலாம்.

நம் நாட்டு விதி இதற்கு நேர் எதிர். பழமைச் சின்னக் கார்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. மற்றபடி, வெளிநாட்டில் ஓடிய கார் பொதுவாக 3 ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில், முகப்பு விளக்கு இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வரி சேர்த்தால் காரின் விலையையே தாண்டிவிடும். அமெரிக்காவிலும் துபாயிலும் ஸ்டீயரிங் இடப்பக்கம். அங்கிருந்து திரும்பி வரப்போகும் உங்கள் பிள்ளைகள் காரையும் கண்டெய்னரில் ஏற்றலாமா என்று கேட்டால், கப்பல் கம்பெனிக்கு அட்வான்ஸ் கட்டும் முன் ஒரு நல்ல கஸ்டம்ஸ் ஏஜெண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.