பலியும் கழுவாயும்: தமிழ் விவிலியச் சொல் வரலாறு

ஒரு சமயத்தின் அடிப்படைக் கருத்துகள் வேற்றுமொழிக்குப் பெயர்க்கப்படும்போது, பெறுமொழியின் சொற்கள் வெறுங்கலங்களாக இருப்பதில்லை. முன்னைப் பொருளையும் சுமந்தே வருகின்றன. பாவம், மன்னிப்பு, பலி ஆகியவை பற்றிய தமிழ்க் கிறித்தவச் சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

1578இல் கொல்லத்தில் அச்சான அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' முதல் தமிழ்க் கிறித்தவ உரைநடை அச்சேறி வந்துள்ளது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் நிறைவுற்றது. ஐக்கியத் திருப்புதல் 1871இலும், திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இலும் வெளிவந்தன. பின்னைய இரண்டும் 'பாவம்' என்பதில் ஒன்றுபடுகின்றன. பாவம் தீரும் வழியைச் சொல்லும்போது வேறுபடுகின்றன.

மத்தேயு 6:12இல் கிரேக்க மூலம் 'கடன்' என்றே கூறுகிறது. ஐக்கியத் திருப்புதல் அதனைக் காத்து, 'மன்னி' என்னும் வினையை ஆள்கிறது. பொது மொழிபெயர்ப்பில் கடன், 'குற்றம்' ஆகிறது. கத்தோலிக்கரின் மரபுவழி மன்றாட்டோ 'பொறு' என்னும் வினையைக் கொண்டது. தேவாரத்திலும் திருவாசகத்திலும் இறைவன் பிழை பொறுப்பவன் என்பதால், இவ்வழக்கு தமிழ்ச் செவிக்குப் புதிதன்று. கடனை மன்னிப்பவன் தனக்கு வரவேண்டியதை விட்டுவிடுகிறான். பொறுப்பவன் பிறன் பிழையின் சுமையைத் தான் ஏற்கிறான். எபிரேயத்திலும் 'நாசா' என்னும் வினை சுமத்தல், மன்னித்தல் ஆகிய இரு பொருளும் தருவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

1 யோவான் 2:2இல் கிறித்துவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'இலாஸ்மோஸ்'. பலிக்குரிய பொதுச்சொல்லாகிய 'துசியா' அங்கு இல்லை. எனினும் ஐக்கியத் திருப்புதல் 'கிருபாதாரபலி' என விரித்துரைத்து, பலியை வெளிப்படுத்துகிறது. பலி என்றதும் பலிபீடமும் குருதியும் நினைவில் எழுதலின், வாசகர் வழிபாட்டுச் சூழலுக்குள் நுழைகின்றார். பொது மொழிபெயர்ப்பு 'கழுவாய்' என்கிறது. இது கழுவுதலை நினைவூட்டுவது, பீடத்தைக் காட்டுவதன்று. முன்னது கொடுக்கப்பட்ட விலையையும், பின்னது விளைந்த தூய்மையையும் முன்னிறுத்துகின்றன.

'கழுவாய்' புறநானூறு 34ஆம் பாடலில் பயின்ற பழஞ்சொல். கொடிய பாவங்களுக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றார்க்கு மட்டும் உய்வில்லை என்பது அப்பாடலின் கருத்து. ஆகவே அங்குக் கழுவாய்க்கு எல்லை உண்டு. யோவானின் மடலோ அதனை உலகனைத்தின் பாவங்களுக்கும் விரிக்கிறது. பழஞ்சொல் மீண்டும் வந்தது. அதன் எல்லை மட்டும் வரவில்லை.

முடிவாக, இவற்றுள் எது சரியான சொல் எனக் கேட்பது போதாது. ஒவ்வொரு சொல்லும் மூலத்தின் எக்கூற்றை வெளிப்படுத்துகிறது, எதனை மறைக்கிறது என ஆராய்வதே மொழிபெயர்ப்பாளருக்குப் பயன் தரும்.