பத்து ராகங்களும் ஒரு வெள்ளிநிறப் பெட்டியும்

ஜேடர்பாளையம் போன்ற காவிரிக்கரை ஊர்களின் திருவிழாக்களில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'ஒத்து' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆதார சுருதியை விடாது ஊதிக்கொண்டு நிற்பவரை எவரும் பாராட்டுவதில்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிபி-303 என்னும் சிறு பெட்டியை உருவாக்கியபோது அதற்கு விதித்த பணியும் ஏறக்குறைய இத்தகையதே: பேஸ் கிதார் வாசிக்க ஆள் கிடைக்காத கலைஞருக்குப் பின்துணை.

அப்பணியில் அது தோற்றது. அதன் ஒலி பேஸ் கிதாரை ஒத்திருக்கவில்லை. சுரங்களைத் தனியாகவும் அவற்றின் கால அளவைத் தனியாகவும் பதிய வேண்டியிருந்தது. சுமார் 10,000 பெட்டிகளோடு 1984இல் உற்பத்தி நின்றது. பின்னர் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த அதைச் சிகாகோ இளைஞர்கள் வாங்கினர். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வடிகட்டியின் குமிழ்களைத் திருகி, குழைந்தும் கிறீச்சிட்டும் எழும் ஓசையை வெளிக்கொணர்ந்தனர். ஃபியூச்சர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' 1987இல் வெளிவந்தது. அண்டை நகரான டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ் முதலியோர் ரோலண்டின் தாளப் பெட்டிகளைக் கொண்டு டெக்னோவை வளர்த்தனர். உலகம் அறிந்த வரலாறு இது.

இதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1982இல், பம்பாயில் ஒரு இசைத்தட்டு வெளிவந்துவிட்டது. இந்தித் திரையிசைக் குழுக்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்துவந்த சரண்ஜித் சிங் அதை உருவாக்கினார். தலைப்பு, 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. தபலாவின் இடத்தில் டிஆர்-808. ராகத்தைப் பாட ஜூபிடர்-8. கீழே ஓயாமல் சுழலும் டிபி-303. நம் மொழியில் சொன்னால் தவில், நாகஸ்வரம், ஒத்து!

சிந்தசைசர் அதற்கு முன்பே இந்தியாவுக்கு வந்திருந்தது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் ஒரு மூக் கருவியை நிறுவினார். அது ஆய்வுக்கூடத்தின் கதை. சிங் நாடியதோ நடன அரங்கை.

தட்டு விலைபோகவில்லை. டச்சுக்காரரான எடோ பௌமன் 2002இல் டெல்லியில் அதைக் கண்டெடுத்து, 2010இல் மறுவெளியீடு செய்தார். கேட்டவர்களில் சிலர் இது பிற்காலப் போலி என்றே ஐயுற்றனர். வேறு சிலர் சிங்கை 'ஆசிட் ஹவுஸின் தந்தை' ஆக்கினர். இப்பட்டத்தை நாம் ஏற்க இயலாது. இத்தட்டு சிகாகோவைச் சென்றடைந்ததற்குச் சான்றேதுமில்லை. மரபு என்பது கைமாற வேண்டும். ஆயினும் வெறும் தற்செயல் என்று தள்ளுவதும் பிழையே. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி டிபி-303இல் உண்டு. மேலை நடன இசைக்கு அது ஒரு சுவைகூட்டல். மீண்டும் நிறுத்தமுமே உயிரான ராக இசையில் பயின்ற செவிக்கோ அது பழகிய இலக்கணம். கருவியின் இயல்பு ஒன்றே. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விகள் வேறு.

நம் வாசகர்கள் மால்கௌன்ஸில் தொடங்கலாம். அது நம் ஹிந்தோளம். பூபாலி நமக்கு மோகனம், பைராகி நமக்கு ரேவதி. தாளப் பெட்டியின் கறார்த்தன்மை முதலில் உறுத்தும். அசைவுகள் எல்லா இடத்திலும் நிறைவு தருகின்றன என்றும் சொல்வதற்கில்லை.

மறுவெளியீட்டுக்குப் பின், எழுபது வயதைக் கடந்த நிலையில், சிங் ஐரோப்பிய மேடைகளில் இதே ராகங்களை வாசித்தார். 2015இல் மும்பையில் காலமானார்.