தட்டிச் சுவரும் மூங்கில் நாற்காலியும்: ஊரிகத்திலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

மூங்கில் பின்னலை அடியொற்றிய இன்றைய அறைகலன்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வடிவமைப்பாளரின் பெயரிலிருந்தே தொடங்குகின்றன. கோலார் தங்கவயலின் ஊரிகத்திலிருந்து நோக்கினால் தொடக்கம் வேறிடத்தில் இருக்கிறது.

1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் மேலாண்மையில் இங்குச் சுரங்கத்தொழில் வேரூன்றியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களுக்குக் கிடைத்தவை மூங்கில் தட்டிக் குடிசைகளின் வரிசைகள்: தரை மண், சுவர் தட்டி. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அது சுரங்கப் பொறிகளைச் சுழற்றிய காலத்தில், பொறிகளோடு உழைத்தவர்கள் தட்டிக்குப் பின்னால்தான் உறங்கினார்கள்.

தட்டி மலிவான பொருள். ஆனால் எளிய பொருளன்று. மூங்கிலின் வலிமை புறத்தோலை ஒட்டிய நார்களில் செறிந்திருக்கிறது. உள்ளே செல்லச் செல்ல நார் குறைந்து மாவுச்சத்து நிறைந்த சதை மிகும். வண்டு துளைப்பது அதைத்தான். ஆகவே கழியைப் பிளந்து, கணுவைச் செதுக்கி, உட்சதையைச் சீவி, பிளாச்சை ஒரே கனத்தில் எடுப்பதே இக்கைவினையின் பெரும்பகுதி. பின்னுதல் அதற்குப் பிறகுதான். கன்னட நாட்டில் இத்தொழிலைச் செய்துவரும் மேதரர், 12ஆம் நூற்றாண்டுச் சரணரான மேதர கேதய்யாவைத் தம் முன்னோராகப் போற்றுவர்.

நவீன வடிவமைப்பு இவ்வறிவைத் தேடி வந்தது பின்னர்தான். பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஷார்லட் பெரியாண்ட் 1940இல் ஜப்பான் சென்றார்; லெ கொர்புசியேவோடு 1928இல் எஃகுக் குழாயால் உருவாக்கிய சாய்விருக்கையை அங்கே மூங்கிலில் மீளச் செய்தார். எஃகின் வேலையை மூங்கில் பட்டைகளின் மீள்விசை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் எம்.பி. ரஞ்சன், நீலம் ஐயர், கன்ஷியாம் பாண்டியா ஆகியோரின் வடகிழக்குக் கைவினை ஆவணம் 1986இல் வெளியாயிற்று. கூடையின் விளிம்பு கட்டப்படும் முறையைக்கூட வரைந்து காட்டிய நூல் அது. பின்னலை அலங்காரமாகவன்றிக் கட்டுமான அறிவாகக் கண்டதே அதன் சிறப்பு. பெங்களூரின் சந்தீப் சங்காரு உருவாக்கிய ‘ட்ரஸ் மீ’ அறைகலன்கள், பாலங்களில் காணும் முக்கோணச் சட்டக முறையை மூங்கிலில் கையாள்கின்றன.

மூலப்பொருளின் சட்ட வரலாறு தனிக்கதை. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் புல்லினமான மூங்கிலை மரம் என்றே வரையறுத்தது. 2017இல்தான் அவ்வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகள் புல் மரமாக இருந்தது!

‘மரபு’ என்னும் சொல் வடிவமைப்பு எழுத்துகளில் எளிதாகப் புழங்குகிறது. ஊரிகத்தில் அச்சொல் தட்டிக்குப் பொருந்துமா என்பது ஐயமே. வரிசை வீடுகளில் வாழ்ந்தோருக்குத் தட்டி என்பது அவர்கள் தேர்ந்த அழகன்று. கம்பெனி அவர்கள்மேல் செலவிட விரும்பிய தொகையின் அளவு. தட்டிக்குப் பதிலாகத் தகரமும் செங்கல்லும் வந்ததை அவர்கள் இழப்பாகக் கொண்டிருக்க முடியாது. அதே பின்னல் கூடத்து நாற்காலியில் மதிப்புப் பெறும்போது, பின்னியவரோடு அதற்குள் வாழ்ந்தவரும் அதன் வரலாற்றில் இடம்பெற வேண்டியவரே. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஊரிகத்தின் வரிசைகளில் அவர்களுடைய பேரர்கள் இன்றும் குடியிருக்கிறார்கள்.