குரோஸ் கணக்கும் நொடிக் கணக்கும்

பழைய ஜப்பான் டிஜிட்டல் கைக்கடிகாரம் சேர்ப்பவர்களின் வரலாறு வெறும் ஆண்டு வரிசைதான்: 1973 செய்கோ, 1974 கேசியோட்ரான், 1983 ஜி-ஷாக், 1989 எஃப்-91டபிள்யூ. நானும் அப்படித்தான் அடுக்கியிருக்கிறேன். அதில் உழைத்த கை இல்லை. நொடியை நூறாக வெட்டும் ஸ்டாப்வாட்ச் ஓட்டக்காரனுக்கென்று விற்ற அதே காலத்தில், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டினால் கூலி மணிக்கல்ல, குரோஸுக்கு; அதாவது 144 பெட்டிக்கு. நேரம் என்றால் விடியுமுன் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன கம்பெனி பஸ்தான். அந்தப் பிள்ளைகளின் வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்டவேண்டும் என்றது. (அதுவும் எண்ணிக்கைக் கணக்குத்தான்.)

சின்ன வயதில் பெட்டி ஒட்டிய அம்மாவிடம் எஃப்-91டபிள்யூவைக் காட்டினேன்.

"ஒரு குரோஸுக்கு எவ்வளவு நேரம்னு இது சொல்லுமாடா?"

ஓடவிட்டேன். எண்கள் பறப்பதைப் பார்த்தவள், "இம்புட்டு விரசா ஓடுனா கண்ணு வலிக்கும், நிப்பாட்டு" என்றாள்.