பெயரும் திகதியும்

மன்னார்க் கடல்வாசல் – 19

சென்ற வாரம், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன இரவோடு நிறுத்தியிருந்தேன். அந்தப் புயலுக்கு இரண்டு மாதம் முன்னர், ஒக்டோபர் 30ஆம் திகதி, புதுடில்லியில் ஓர் ஒப்பந்தம் முடிந்திருந்தது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் மலையகத்து மக்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தியாவின் பங்குக்குப் போனவர்களில் பெரும்பாலானோருக்கு வழி எங்கள் தலைமன்னார் பியர்தான். மலைநாட்டிலிருந்து அவர்களைக் கொண்டுவந்த ரயிலை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றுதான் அந்தச் சனம் சொன்னது. நான் அப்போது சிறுவன். அப்பா பியரில் மூட்டை இறக்குவார்; சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. தகரப் பெட்டிகளும் சாக்குமூட்டைகளும் வரிசையாகக் கிடக்கும். பெண்கள் சேலைத் தலைப்பில் கடதாசிகளை முடிந்து வைத்திருப்பார்கள். வரிசை ஓரடி நகர்ந்தால் முடிச்சைத் தொட்டுப் பார்ப்பார்கள். இன்னும் ஓரடி, மறுபடி தொட்டுப் பார்ப்பார்கள். பணமோ நகையோ என்று நினைத்திருந்தேன். பதிவுக் கடதாசி என்று அப்பா சொன்னார். அது இல்லாவிட்டால் அவர்களுக்கு இந்தப் பக்கமும் ஊர் இல்லை, அந்தப் பக்கமும் ஊர் இல்லை.

இவர்களுடைய பாட்டன்மாரும் இதே கடல்வாசலால் வந்தவர்கள்தான். தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் வள்ளம் ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பாதி வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பிறகு 1900களின் தொடக்கத்தில் தகரத் துண்டு வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அடித்த சிறு தகரம். இன்னார் இந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதற்கு அதுதான் சாட்சி. மனிதனுக்குப் பெயர் தேவைப்படவில்லை, எண் போதுமாயிருந்தது. 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோதுதான் அவர்களில் பலருடைய பெயர் முதன்முதலாக ஓர் இடாப்பில் ஏறியது. 1947 பொதுத் தேர்தலில் அவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார்.

சுதந்திரம் வந்து ஓராண்டு முடிவதற்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் ‘தமிழர்’ என்ற சொல் கிடையாது. இலங்கையில் பிறந்தவர், தன் தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்க வேண்டும் என்பதுதான் விதி. லயத்தில் பிறந்தவனுடைய தகப்பனுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எங்கே இருக்கும்? 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைகள் மட்டுமே வாக்காளர் இடாப்பில் இருக்கலாம் என்றார்கள். ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. துப்பாக்கி வெடிக்கவில்லை, பாராளுமன்றத்தை யாரும் பூட்டவில்லை. விவாதம் நடந்தது, கையுயர்த்தினார்கள், சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் எங்கள் மன்னார்த் தொகுதியின் உறுப்பினர் சி. சிற்றம்பலமும் அமைச்சராக இருந்தார். மன்னாரில் இருந்துகொண்டு இந்தக் கதையை எழுதுகிறவன் அதை விட்டுவிட்டு எழுத முடியாது.

கொடக்கன் பிள்ளை என்ற ஒருவர் விடவில்லை. தன் பெயரை இடாப்பில் சேர்க்க வேண்டும் என்று வழக்காடினார். முதல் விசாரணையில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 1951இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் லண்டனில் பிரிவிக் கவுன்சிலும் கைவிரித்தது: தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு சட்டசபையின் இயல்பான அதிகாரம் என்பதே அங்கே வைக்கப்பட்ட நியாயம். ஒரு சமூகத்தின் வாக்கைப் பறிப்பது அரசியலமைப்புக்கு உட்பட்ட காரியமாகவே முடிந்தது. அதே 1951இல் அமெரிக்காவில் ஹன்னா அறென்ட் சர்வாதிகாரத்தின் தோற்றம் பற்றிய தன் பெரும் நூலை வெளியிட்டார். ஜெர்மனியை விட்டு ஓடி, பல ஆண்டுகள் நாடற்றவராக வாழ்ந்த யூதப் பெண் அவர். குடியுரிமை போனால் மற்ற உரிமைகளைக் கேட்பதற்கே ஒருவருக்கு இடமில்லாமல் போகிறது என்று அவர் எழுதியதை, அவர் பெயரையே கேள்விப்படாத தோட்டத்துச் சனம் அந்த வருடமே அனுபவித்துக்கொண்டிருந்தது.

இனி 1976க்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தை எழுதத் தொடங்கியதே அந்த ஒரு வருடத்துக்காகத்தான்.

தலைமன்னாரிலிருந்து ‘ராமானுஜம்’ கப்பல் ராமேஸ்வரத்துக்குப் போய்வந்த காலம். இக்கரையில் 1971 மார்ச்சில் போட்ட அவசரகாலச் சட்டம் ஐந்து வருடமாக அப்படியே கிடந்தது. 1970இல் ஐந்து வருடத்துக்குத் தெரிவான சிறிமாவோ அரசின் பாராளுமன்றம், 1972இல் புதிய குடியரசு யாப்பை எழுதி, அந்த நாளிலிருந்து தனக்குத் தானே புதிதாக ஐந்து வருடம் போட்டுக்கொண்டது. 1975இல் நடக்க வேண்டிய தேர்தல் 1977க்குத் தள்ளிப்போனது. காங்கேசன்துறை உறுப்பினரான தமிழ்த் தலைவர் செல்வநாயகம் 1972 ஒக்டோபரில் பதவியைத் துறந்து, மக்களின் தீர்ப்பைக் கேட்போம் என்று சவால் விட்டார். அந்த இடைத்தேர்தலே 1975 பெப்ரவரி வரை நடக்கவில்லை.

அக்கரையில் 1975 ஜூன் 25 இரவு இந்திரா காந்தியின் நெருக்கடி நிலை வந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்க்கட்சித் தலைவர்களுக்குச் சிறை. 1976 ஜனவரி 31இல் தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. 1971இல் தெரிவான மக்களவையின் காலம் 1976 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டும். அதையும் அந்த வருடத்திலேயே இரண்டு தடவை நீட்டினார்கள்.

ஆக, 1976இல் அந்தக் கப்பலில் ஏறிய ஒரு குடும்பம், தவணை கடந்த ஒரு பாராளுமன்றத்தின் கரையிலிருந்து தவணை கடந்த இன்னொரு பாராளுமன்றத்தின் கரைக்குப் போனது. புறப்பட்ட இடத்திலும் அவசரகாலம், இறங்கிய இடத்திலும் அவசரகாலம். நடுவில் சில மணி நேரக் கடல்தான்.

முருங்கன் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். 1946இல் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய அண்ணன் 1976இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் தங்கி, கோத்தகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். தாயகம் திரும்பியோருக்கென்று தொடங்கிய தோட்டம் அது. 1977 ஜூனில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல். விரலில் மை வைத்துக்கொண்டதை அண்ணன் தங்கைக்குக் கடிதத்தில் எழுதினார். அவர்களுடைய தகப்பன் கடைசியாக வாக்களித்தது 1947இல். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் விழுந்த முதல் வாக்கு அதுதான். ஜூலை 21இல் இலங்கையில் தேர்தல் நடந்தபோது தங்கைக்கு வாக்கில்லை. ஆகஸ்ட்டில் கலவரம் வந்தது. வாக்களிக்க முடியாத தேர்தல் முடிந்து ஒரு மாதத்துக்குள் அடி மட்டும் அவருக்கும் விழுந்தது. உடுத்த துணியோடு குடும்பம் மன்னார்ப் பக்கம் வந்து சேர்ந்தது.

‘எங்கப்பா பேரை வெட்டினப்ப ஆரும் எங்களை அடிக்கல தம்பி. பேரை வெட்டின பொறகுதான் அடிச்சாங்க’ என்றார் ஒரு நாள். வாக்கில்லாதவனை அடிப்பதால் எந்த அரசியல்வாதிக்கும் ஒரு வாக்கும் குறையாது. முன்னர் நடந்தது எது, பின்னர் நடந்தது எது என்பதை அந்த அம்மாவைவிடத் தெளிவாகச் சொன்ன ஒரு நூலை நான் வாசித்ததில்லை.

பிறகு 1982 வந்தது. ஜே.ஆர். ஜயவர்தன ஒக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலை வென்றார். பொதுத் தேர்தலை நடத்தாமல், இருக்கும் பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்று சர்வசன வாக்கெடுப்பு வைத்தார். ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். தன் கட்சி எம்.பி.க்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டார். டிசம்பர் 22 வாக்கெடுப்பு அவசரகாலச் சட்டத்தின் கீழ் நடந்தது. ‘அத்த’ பத்திரிகையின் அச்சகம் பூட்டப்பட்டது. சிறிமாவோவின் குடியியல் உரிமை இரண்டு வருடம் முன்னரே பறிக்கப்பட்டிருந்தது. தேர்தலைத் தள்ளிப்போட்டவர் தேர்தலில் நிற்க முடியாதவரானார். அதற்காக நான் மகிழமாட்டேன். அவரிடம் பறித்ததும் உரிமைதான். விளக்கு 54.66 வீதம் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோரில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள்.

மன்னாருக்கு அந்த நீட்டிப்பால் கிடைத்தது என்ன? 1983 ஆகஸ்ட்டில் புதிய தவணை தொடங்கிய அதே மாதம் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனத்தை இழந்தார்கள். மன்னாரின் உறுப்பினர் பி.எஸ். சூசைதாசனும் அவர்களில் ஒருவர். ஆறு வருடம் நீட்டப்பட்ட பாராளுமன்றத்தில் எங்களுக்காக எழுந்து பேச ஒருவரும் இல்லை. 1984 டிசம்பரில் மன்னாரில் படையினர் வீதியில் கண்டவர்களைச் சுட்டுத் தள்ளிய நாட்களிலும் அந்த ஆசனம் வெறுமையாகத்தான் இருந்தது. கப்பலும் அந்த வருடத்தோடு நின்றது. இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்தும் கடல் கடக்க முடியாமல் பல்லாயிரம் பேர் இக்கரையில் சிக்கினார்கள். அக்கரைக்குப் போனவர்கள் இரவில் வள்ளத்தில் போன அகதிகள்தான்.

அரசு செய்ததை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் என் அயலவர் முகத்தில் நான் விழிக்க முடியாது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் சனம் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனது. ஒலிபெருக்கியில் ஓர் உத்தரவு, அவ்வளவுதான். மேன்முறையீடு செய்ய நீதிமன்றம் இல்லை, மாற்றிப் போட வாக்குப் பெட்டி இல்லை. சொந்தச் சனத்தின் பெயரால் ஆள்கிறவர்களை யாரும் கேள்வி கேட்க முடியாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த வீடுகளின் சுவர்கள் சாட்சி. 2005 ஜனாதிபதித் தேர்தலிலும் வாக்களிக்க வேண்டாம் என்று எங்களுக்கு மேலிருந்துதான் சொல்லப்பட்டது.

வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முஸ்லிம்களில் பலர் தங்கள் பெயரை மன்னார் இடாப்பிலேயே வைத்திருக்கிறார்கள். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். மன்னாரில் வாக்களிக்கப் புறப்பட்ட அவர்களின் பஸ்கள் விடிவதற்கு முன் தந்திரிமலைப் பக்கம் வந்தபோது, வீதியில் டயர் எரித்து மறித்து, கல்லெறிந்து, துப்பாக்கியாலும் சுட்டார்கள். நல்லவேளை, உயிர்ச் சேதம் இல்லை. அவர்கள் திரும்பிப் போகவில்லை. பொலிஸ் பாதுகாப்போடு மன்னாருக்கு வந்து வரிசையில் நின்றார்கள். இடாப்பில் ஒரு பெயர் இருப்பதன் விலை தெரிந்தவர்கள் அவர்கள்.

ஜனநாயகம் தேய்கிறதா என்று இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். தலைவரின் பேச்சை அளக்கிறார்கள், ஊடகங்களை எண்ணுகிறார்கள். இந்தக் கடல்வாசலால் வந்துபோனவர்கள் இரண்டைத்தான் பார்க்கிறார்கள்: பட்டியலில் பெயர் இருக்கிறதா, தேர்தலுக்குத் திகதி இருக்கிறதா. 2025இல் பீகாரின் வரைவுப் பட்டியலில் சுமார் 65 இலட்சம் பெயர்கள் இல்லை என்ற செய்தி வந்தது. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இரட்டைப் பதிவு என்று தேர்தல் ஆணையம் காரணம் சொன்னது. காரணம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் ‘நிரூபி’ என்ற பொறுப்பு ஏழையின் தலையில் விழும்போது 1949 எனக்கு ஞாபகம் வருகிறது. இங்கே, 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம்தான் தேர்தல் நடந்தது. 2013இல் நாங்கள் தெரிவுசெய்த வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பின் அதற்குத் தேர்தல் இல்லை.

முருங்கன் அம்மாவுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. முதல் வாக்கு 2004இல், 58 வயதில். வருடா வருடம் இடாப்பைப் பார்வைக்கு வைக்கும்போது பேரனைக் கூட்டிக்கொண்டு போவார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பேரன் விரல் வைத்து வாசிப்பான். போன தடவை நானும் கூட நின்றேன்.

‘பேர் இருக்கா?’

‘இருக்கு அம்மாயி.’

‘சரியாப் பாரு. எங்கப்பா பேரும் சேர்ந்திருக்கணும்.’

பேரன் தகப்பன் பெயரோடு சேர்த்து மறுபடி வாசித்தான். அவர் தலையசைத்தார். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த அடையாள அட்டையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து படியில் செருப்பைப் போடும்போது கேட்டார்:

‘மாகாண எலக்சன் எப்பவாம்?’

பேரன் என்னைப் பார்த்தான்.