போதைக்காளானும் மூளை வலையமைப்பும்

கொடைக்கானல் மலையில் மழைக்குப் பின் சாணத்திலும் புல்வெளியிலும் முளைக்கும் சிலோசைபி இனக் காளான்களையே தமிழ்நாட்டில் போதைக்காளான் என்கிறார்கள். காம்பை நசுக்கினால் சற்று நேரத்தில் நீலம் பாரிக்கும். உள்ளே இருக்கும் சிலோசின் காற்றுப்பட்டு மாறுவதால் வரும் நிறம் அது. காரைக்கால், நாகை வேலியோரங்களில் பூக்கும் ஊமத்தையை இதோடு சேர்த்துப் பேசுவது தவறு. ஊமத்தை, நரம்புச் செய்திகளைக் கடத்தும் அசிட்டைல்கோலினைத் தடுத்துப் பிதற்ற வைக்கும், உயிரையும் பறிக்கும். காளான் செயல்படும் வழி வேறு.

அந்த வழியைத் தேடிய வரலாறு சுவிட்சர்லாந்தில் தொடங்குகிறது. மனநிலையை மாற்றும் எல்.எஸ்.டி.யை 1938இல் உருவாக்கிய வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன், 1958இல் மெக்சிகோ காளானிலிருந்து அதன் போதைப்பொருளான சிலோசைபினைப் பிரித்தெடுத்தார். காளானைப் பாரிசில் வளர்த்துத் தந்தவர் பூஞ்சையியலாளர் ரோஜே ஹைம். பின்னர் வந்த தடைகளால் ஆய்வு பல ஆண்டுகள் முடங்கியது. 1998இல் சூரிச்சில் ஃபோலன்வைடர் குழு, செரோடோனின் 2ஏ ஏற்பியை முன்கூட்டியே அடைத்துவிட்டால் சிலோசைபினின் மனவிளைவுகள் தோன்றுவதில்லை என்று காட்டியது.

அடுத்த திருப்பம் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நேர்ந்தது. சிலோசைபின் மூளையை முடுக்கிவிடும் என்றே பலரும் எண்ணியிருக்க, 2012இல் கார்ஹார்ட்-ஹாரிஸ் குழுவின் ஸ்கேன்களில் மூளையின் நடுக்கோட்டுப் பகுதிகளில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. ‘நான்’ என்ற உணர்வோடு தொடர்புபடுத்தப்படும் இயல்புநிலை வலையமைப்பின் முக்கிய முனைகள் அவை. 2016இல் எல்.எஸ்.டி. ஆய்வில், கண்ணை மூடியிருந்தபோதும் பார்வைப் புறணி மற்றப் பகுதிகளோடு கூடுதலாக இணைந்து இயங்கியது. வலையமைப்புக்குள் பிணைப்பு தளர்கிறது, வெவ்வேறு வலையமைப்புகளுக்கிடையே தொடர்பு பெருகுகிறது என்ற கருத்து இப்படித்தான் வலுப்பெற்றது.

2024இல் ‘நேச்சர்’ இதழில் வந்த வாஷிங்டன் பல்கலைக்கழக (செயின்ட் லூயிஸ்) ஆய்வு, என் மதிப்பில், இவற்றுள் மிகக் கவனமானது. 7 பேரை ஆளுக்குச் சராசரியாக 18 முறை ஸ்கேன் செய்தார்கள். 25 மில்லிகிராம் சிலோசைபின் மூளைப் பகுதிகளின் ஒத்திசைவைக் குலைத்தது. பெரும்பாலான மாற்றங்கள் விரைவில் சீராகிவிட்டன. ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் முன்பாகத்துக்கும் இயல்புநிலை வலையமைப்புக்குமான இணைப்பு மட்டும் சில வாரங்கள் குறைந்தே இருந்தது. சிலோசைபினால் மனச்சோர்வு தணிவதாகச் சொல்லப்படுவதற்கு இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல 7 பேர் போதாது.

கொடைக்கானலில் தேனில் ஊறவைத்து விற்கும் காளானுக்கு இந்த ஆய்வுகள் நற்சான்று ஆகா. அதில் அளவும் இல்லை, அருகில் மருத்துவரும் இல்லை. இந்தியாவில் சிலோசைபினும் எல்.எஸ்.டி.யும் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டவை.