கங்காணி முதல் கணினி வரை

கண்காணிப்பு என்ற சொல் மலைநாட்டுக்குப் புதியதன்று. கண்காணி என்பதே மக்கள் வழக்கில் கங்காணி என்றாயிற்று. அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் விடியுமுன் தப்பு முழங்கும். பெரட்டுக் களத்தில் ஆட்கள் திரள்வர். கணக்கப்பிள்ளை பேர் பதிவார். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆளின் கடனோ 'துண்டு' என்னும் சீட்டில் எழுதப்பட்டு, அவர் தோட்டம் மாறினும் அவரைத் தொடர்ந்து சென்றது. 1921ஆம் ஆண்டில் அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆளையும் கடனையும் கொழுந்தின் நிறையையும் நாள்தோறும் எண்ணிய அந்த ஏற்பாடு எவற்றை எண்ணாமல் விட்டது என்று கேட்பது பயனுடைத்து.

தேயிலைக்கு முன் இம்மலைகளில் கோப்பி விளைந்தது. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. அவற்றைப் பலர் பொருட்படுத்தவில்லை. பதினோராண்டு கழித்து, 1880இல், மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர் அந்நோயை ஆராய வந்தார். கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளை வைத்து, காற்றில் மிதந்து வரும் பூஞ்சண வித்திகளைப் பிடித்துக் காட்டினார். நோய் பரவும் வழி விளங்கிற்று. ஆயின் காலம் கடந்துவிட்டது. மலை முழுதும் ஒரே பயிராக நின்றமையால் நோய்க்குத் தடையில்லை. ஆளை எண்ணியவர்கள் இலையைப் புரட்டிப் பார்த்திலர், கோப்பி அழிந்தது.

கண்காணிப்பை இரவு பகல் பாராத கடமையாக மலைநாட்டுக்குக் கற்பித்தது மின்சாரம். 1912இல் நுவரெலியா நகருக்கு ஒளி தரப் பிளாக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையம் எழுந்தது. அப்பணியில் முன்னின்ற பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் மலையினின்று வீழும் வலிமையைக் கொண்டே நாட்டுக்கு மின்சாரம் தரலாம் என்பது அவர் துணிபு. 1920களில் தொடங்கிய வேலை இடையிலே நின்றது; 1950இல்தான் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 1953இல் அவர் மறைந்தார். 1965இல் காசல்ரீ நீரைக் கொண்டு எழுந்த நிலையம் அவர் பெயரைத் தாங்கியது. பின்னர் மஸ்கெலியாவின் பழைய நகர் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியில் மறைந்தது. நீர் வற்றும் ஆண்டுகளில் அங்கிருந்த பழைய கோயில் வெளியே தெரியும். பொறியியலாளர் கையில் அளவுகோல் ஒன்று உண்டு. ஊராருக்கு அக்கோயிலே அளவுகோல்.

இந்த நிலையங்கள் தனித்தனியே நிற்பவை அல்ல. காசல்ரீயில் தேங்கும் நீர் விமலசுரேந்திர நிலையத்தைச் சுழற்றி, நோர்ட்டன் குளத்தில் விழுந்து, பழைய லக்சபானவுக்குச் சென்று, ஈற்றில் பொல்பிட்டியவிலும் வேலை செய்கிறது. மவுசாகலை நீரும் கெனியன், புதிய லக்சபான ஆகிய நிலையங்களைக் கடந்து பொல்பிட்டியவையே அடைகிறது. மேலே மிகுதியாகத் திறந்தால் இடையிலுள்ள சிறு குளம் நிரம்பி வழிந்து நீர் வீணாகும். குறைவாகத் திறந்தால் கீழுள்ள எந்திரம் பட்டினி கிடக்கும். மின்சாரமும் அத்தகையதே. நாட்டின் தேவையும் உற்பத்தியும் ஒத்திருந்தால் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சியில் நிற்கும். தேவை மிஞ்சினால் அவ்வெண் இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும். அந்த ஓர் எண்ணைப் பார்த்தே முழு அமைப்பின் உடல்நிலையைக் கணிப்பர், வைத்தியர் நாடி பார்ப்பதுபோல.

அந்த நாடி தளர்ந்த நாள்களும் உண்டு. 2023 டிசம்பர் 9ஆம் நாள் மலைநாட்டுக் கொத்மலையிலிருந்து பியகமவுக்குச் செல்லும் பெருவழியில் கோளாறு நேர்ந்தது. நாடு முழுதும் இருண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டது, மீண்டும் இருள். அன்று ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைவு, சூரிய மின்சாரம் மிகுதி. அதிர்ச்சியைத் தாங்கும் பெரிய சுழல் எந்திரங்கள் போதிய அளவில் ஓடவில்லை. குரங்கு ஒரு காரணம்; அமைப்பின் தளர்வு மற்றொன்று.

இன்று அலுவலகங்களின் ஏடுகள் முகிற் கணிமைக்கு மாறி வருகின்றன. பெயர் முகிலாயினும், நுவரெலியா மலை மேல் தவழும் முகில் அன்று அது. எங்கோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டிய அறையில், மின்சாரம் உண்டு இயங்கும் கணினிகளே அவை. ஒன்றின் விடைக்கு மற்றொன்று காத்திருக்கும் வகையில் அவையும் லக்சபானச் சங்கிலி போன்றவையே. ஆகவே அவற்றின் சுமை, நினைவகத்தில் எஞ்சிய இடம், விடை தர எடுக்கும் நேரம் ஆகியவற்றை இடையறாது அளந்து, எல்லை மீறினால் எச்சரிக்கும் ஏற்பாடு வேண்டும். எச்சரிக்கையைக் கேட்டு எழுந்து செயற்படும் ஆளும் வேண்டும்.

2023 ஆகஸ்டில் இலங்கையின் அரசாங்க முகில், பணயங் கேட்கும் தீய நிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மறைந்தன. பழமையான மென்பொருள் மாற்றப்படாதிருந்தது. அக்காலத்துக்குரிய தனிப்படியும் வேறிடத்தில் இல்லை. கோப்பி இலையின் அடிப்புறத்தை ஒருவரும் பார்க்காத பழைய கதையே அது.

இஃது அலுவலகத்தாரின் கவலை மட்டுமன்று. முப்பது நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒரு தாயின் முதுமைக்கு ஊழியர் சேமலாப நிதியே துணை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அந்நிதியின் கணக்கும் இன்று கணினியில் இருக்கிறது. லக்சபான ஒளிர்ந்த பின்னும் பல லயன்களில் பல்லாண்டு மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்சாரத்தைக் கண்காணித்தவர் கணக்கில் அந்த இருள் சேரவில்லை. அன்று கங்காணி தலைகளை எண்ணியது தன் காசுக்காக. இனி எண்ணப்படுவோரின் நலனுக்காகவும் கண் விழித்திருத்தல் வேண்டும். வைத்த படி மீள எடுக்க வருமா என்று அவ்வப்போது எடுத்தும் பார்த்தல் வேண்டும்.